அப்ப மாவும் மூன்றாவது இழையும்

ஒரு காட்டில் மரங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம். அங்கே சலேத்தம்மாள் என்கிற கரடி அப்பக்கடை வைத்திருந்தாள். மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டை அவள் கடையில் வாங்குவதில்லை. தினமும் ஒரு சிரட்டை பழைய மாவை எடுத்துவைத்து, மறுநாள் மாவில் சிலுவை போட்டுக் கலந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மான் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்நூறு அப்பம் சொல்லியிருந்தார்கள். வியாழக்கிழமை பார்த்து உணவு அலுவலகத்து உடும்பு சார் வந்து நின்றார். ஈஸ்ட்டின் மூன்றாவது குரோமோசோமில் எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று சனிக்கிழமைக்குள் எழுதித் தராவிட்டால் கடைக்குப் பூட்டு என்றார்.

குரோமோசோம் என்பது மரபணுக்களைக் கோத்த இழை. இழை விவகாரம் என்றால் தூக்கணாங்குருவிதான். அது ஒரேயொரு ஈஸ்ட்டைப் பிடித்து, மூன்றாவது இழையை உருவிப் பார்த்தது. இரண்டு முனையிலும் நைந்துபோகாமல் முடிச்சு. நடுவில் இடுப்பு. மற்றபடி சந்து வீடுகள் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டி நூற்றெழுபது சொச்சம் மரபணுக்கள். பாதிக்கு என்ன வேலை என்று குருவிக்கே தெரியவில்லை. சலேத்தம்மாள் மனசறிந்து பொய் எழுதாதவள். ‘தெரியாது’ என்றே எழுதினாள்.

வேலை தெரியாததெல்லாம் வெளியே போகட்டும் என்றார் சார். குருவி ஒவ்வொன்றாக உருவியது. அந்த ஈஸ்ட்டைப் பெருக்கி மாவில் விட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் மாவு சுமாராகப் பொங்கத்தான் செய்தது. சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“நடுவுல இது என்ன?”

“இடுப்பு சார். ஈஸ்ட் ரெண்டாகும்போது இங்கே பிடிச்சுத்தான் இழையைப் பங்கு பிரிக்கும்,” என்றது குருவி.

“மரபணுவா?”

“இல்லை சார்.”

“பட்டியல் மரபணுவுக்குத்தான். வெட்டு.”

வெட்டினார்கள். இழை எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிட்டது. ஈஸ்ட் பெருகவில்லை. மாவு பானையில் செத்த மாதிரி கிடந்தது. சலேத்தம்மாள் அதில் ஒன்று ஊற்றிக் காட்டினாள். சார் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது தோசைம்மா. தோசைக்கு வேற விண்ணப்பம்.”

அவள் அடுப்படியிலேயே முழங்கால் போட்டு அழுது ஜெபித்தாள். கண்ணைத் திறந்தால் எதிரே சிரட்டை. அதில் குருவி கை வைக்காத பழைய மாவு நுரைத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை புது விண்ணப்பம் எழுதினாள். வேலை தெரியாத ஒவ்வொரு மரபணுவுக்கும் எதிரே ‘ஜெபம்’ என்று போட்டாள். பொய்யா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். இருட்டுக்குள் பேசாமல், ஒன்றும் கேட்காமல் நிற்கிறதுகள். வேறு என்னதான் செய்யும்? கடைசி வரியில் இடுப்பையும் சேர்த்து, ‘முழங்காலில் நின்று ஜெபம்’ என்று முடித்தாள்.

உடும்பு சாரின் சிவப்புப் பேனா எழும்பியது. அப்படியே நின்றது.

“ஜெபத்துல கை வைக்க முடியாதும்மா. ஊர்வலம் வந்துடும்,” என்று முத்திரை குத்தினார்.

கல்யாணத்தில் அப்பம் பூவாட்டம் பொங்கியது. மான்கள் மூன்று பந்தி உட்கார்ந்தன.

திங்கட்கிழமை சார் ஒரு தாளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். அலுவலகத்தில் யார் யாருக்கு என்ன வேலை என்று மேலிடம் கேட்டிருக்கிறதாம்.

“எனக்கும் ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா.”

நீதி: வேலை இல்லாதவர்கள் கண்ணையாவது மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.