ஒரு மனைவிக்கு ஆறு அரிவாள்

அரிவாளும் கத்தியுமாகக் கூடத்தில் பரப்பிக் கிடந்த நாற்பத்து மூன்றில், தன் குடும்பத்தைக் கெடுத்தது எது என்று குழந்தைராஜுக்குத் தெரியவில்லை.

வெளியே ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் பின்னால் இருந்த அந்த வாடகை வீட்டில் மூன்று மாதமாக அவனும் இரும்புச் சாமான்களும் மட்டுந்தான். ஆடியில் திருத்துறைப்பூண்டி அம்மா வீட்டுக்குப் போன மனைவி ஜாய்ஸ் திரும்பவே இல்லை. சண்டை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பையை எடுத்தாள், போகிறேன் என்றாள், போய்விட்டாள். ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிக்க அவனுக்கு இன்னும் கைவரவில்லை. தினமும் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் அதையே சாப்பிட்டான்.

குழந்தைராஜ் பம்புசெட் விற்கிறவன். ஊர் ஊராகப் போகிற வேலை. போகிற ஊரில் மற்றவர்கள் நல்ல ஓட்டல் எது என்று கேட்பார்கள், இவன் கொல்லன் பட்டறை எங்கே என்று கேட்பான். திருப்பாச்சேத்தியில் வீச்சரிவாள் வாங்கினான், நாகப்பட்டினத்தில் மீன் வெட்டும் கத்தி வாங்கினான். தேனிலவுக்கு மூணாறு போனபோதுகூட ஜாய்ஸைத் தேயிலைத் தோட்டத்து ஓரம் நிற்க வைத்துவிட்டு, கவாத்துக் கத்தி அடிக்கிற ஆளைத் தேடிப் போனவன் சாயங்காலந்தான் வந்தான். அங்கே சுற்றிக்கொண்டிருந்த போட்டோக்காரர் எடுத்த தேனிலவுப் படத்தில் அவள் மட்டும் இருக்கிறாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவன் கண்டிப்பானவன். வெட்டுகிற இரும்பை யார் கையிலும் நேராகக் கொடுக்க மாட்டான். கொடுத்தால் உறவு அறுந்துபோகும். கீழே வைக்க வேண்டும், மற்றவர் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். போன வருஷத்திலிருந்து ஜாய்ஸுக்கும் இவற்றின் மேல் ஓர் ஆசை வந்திருந்தது. புது அரிவாளோடு அவன் வீட்டுக்குள் நுழைந்ததும், கொடுங்க பார்ப்போம் என்று கையை நீட்டுவாள். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இருந்தாலும் பத்திரமாகத் தரையில்தான் வைப்பான். அவள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஆனியில் ஒரு நாள் அது தவறிப்போனது. மேனேஜர் போனில் திட்டிக்கொண்டிருந்தார். போனைக் காதில் இடுக்கிக்கொண்டே, கையில் இருந்ததை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டான். ஒரே மாதத்தில் அவள் கிளம்பிவிட்டாள். வேறென்ன காரணம் இருக்க முடியும்?

அம்மாப்பேட்டைப் பட்டறைக்காரர் வைரக்கண்ணுவிடம் போய் அழாத குறையாகச் சொன்னான். அவர் துருத்தியை நிறுத்திவிட்டு யோசித்து ஒரு பரிகாரம் சொன்னார். அவன் அந்த அரிவாளைத் தன் கையால் கீழே வைக்க வேண்டும், அவள் குனிந்து எடுக்க வேண்டும், அறுந்தது ஒட்டிக்கொள்ளும்.

"அதே அருவாளா இருக்கணுங்க. மாத்தி வச்சீங்கன்னா இருக்கிறதும் போயிரும்," என்றார்.

அங்கேதான் சிக்கல். கொடுத்தபோது அவன் கவனம் போனில் இருந்தது, கையில் இருந்தது எதுவென்று பார்க்கவில்லை. அந்த மாதம் வாங்கியவை ஆறு. ஜாய்ஸையே கேட்கலாம் என்று போன் அடித்தால் எப்போதும்போல் அவள் எடுக்கவில்லை. ஆறையும் கொண்டுபோய் அவள் முன்னால் ஒவ்வொன்றாக வைத்துவிடுவது என்று முடிவு செய்தான்.

ஆறு அரிவாளைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எதிர்வீட்டு எல்வின், தேவாலயப் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். அவனுடைய கிட்டார் உறையை இரவல் வாங்கி, அரிவாள்களைத் துண்டில் சுற்றி உள்ளே அடுக்கினான். இப்போது பார்ப்பதற்குக் கௌரவமாக இருந்தது.

நீடாமங்கலம் ரயில்வே கேட் வரைக்கும் அந்தக் கௌரவம் நிலைத்தது. கேட் மூடியிருந்தது. இருபுறமும் நாற்று நட்ட வயல்கள் தண்ணீருக்குள் கிடந்தன. பஸ்ஸுக்குள் புழுக்கம். பக்கத்து சீட்டுப் பெரியவர் கிட்டார் உறையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேட் திறக்க எப்படியும் அரைமணி ஆகும், ஒரு பாட்டு வாசிக்கலாமே என்றார். கம்பி அறுந்துவிட்டது என்று குழந்தைராஜ் சமாளித்தான். பின் சீட்டுக்காரர் உற்சாகமாக எழுந்தார். அவர் மைக்செட் ரிப்பேர்க்காரராம், அறுந்த கம்பியைக் கட்டிக் கொடுப்பதாகச் சொல்லி ஜிப்பை இழுத்தார். குழந்தைராஜ் பதறிப்போய் உறையைத் தன் பக்கம் இழுத்தான். அடிப்பக்கம் கிழிந்து ஆறு அரிவாளும் பஸ்ஸுக்குள் விழுந்தன. கண்டக்டர் விசில் ஊதினார். அவன் ஒருவனைத் தவிர எல்லோரும் மழையில் இறங்கி நின்றார்கள்.

நீடாமங்கலம் போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் இளஞ்செழியன் எங்கே போகிறாய் என்று கேட்டார். உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று குழந்தைராஜ் நம்பினான்.

"கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டியைப் பார்க்கப் போறேன் சார்."

இளஞ்செழியன் மேஜை மேல் இருந்த பேனாவை மூடி வைத்தார். "ஒரு பொண்டாட்டிக்கு எதுக்குய்யா ஆறு அருவா?"

"எது வேலை செய்யும்னு தெரியலைங்க."

அதன் பிறகு அவனுடைய செல்போன், பெல்ட், செருப்பு எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அரிவாள்களையும் கொடு என்று சப்-இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். குழந்தைராஜ் மாட்டேன் என்றான். அதைக் கேட்டு ஏட்டு லத்தியை எடுத்தார். அவசரமாக ஆறையும் சிமெண்ட் தரையில் வரிசையாக வைத்து, கையில் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று விளக்கினான். நமக்குள் என்னய்யா உறவு என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வேறு வழியில்லாமல் மூணாறு முதல் வைரக்கண்ணு வரை எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. துடைக்கத் துண்டுகூட இல்லை, அது அரிவாள் சுற்றப் போயிருந்தது. பெண் காவலர் எழில்மொழிதான் தன் கைக்குட்டையைக் கொடுத்து, ஜாய்ஸுக்குப் போன் போட்டாள். அவனுடைய நம்பர் இல்லாததால் ஜாய்ஸ் எடுத்தாள். வருகிறேன் என்றாள்.

இரண்டு மணி நேரம் கழித்து ஜாய்ஸ் குடையோடு வந்தாள். பாதிப் புடவை நனைந்திருந்தது. இளைத்திருந்தாள். வெறுங்காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள். மூன்று மாதத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

இவரால் எனக்கு எந்தப் பயமும் இல்லை, அரிவாள் பிடித்து ஒரு தேங்காய்கூட உடைத்ததில்லை என்று ஜாய்ஸ் எழுதிக் கொடுத்தாள். அந்த அளவில் விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அழுகையைக் கேட்டு இளகிப்போயிருந்த சப்-இன்ஸ்பெக்டர், வந்ததுதான் வந்தாச்சு, அந்தப் பரிகாரத்தையும் இங்கேயே முடித்துக்கொண்டு போங்கள் என்றார். ஸ்டேஷனே வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றது.

குழந்தைராஜ் தரையில் கிடந்த ஆறையும் காட்டி, குற்றவாளிபோல் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னைக்குக் கொடுத்தது இதுல எதுன்னு எனக்கு மறந்துபோச்சு ஜாய்ஸு."

ஜாய்ஸ் யோசிக்கவே இல்லை. "மூணாவது. பிடியில போட்ட பூண்ல கீறல் இருக்கு பாருங்க, அதுதான்."

மூன்று மாதமாக அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது. வெறுத்துப் போனவள் பூணில் இருக்கும் கீறலையா நினைவு வைத்திருப்பாள்? மற்ற ஐந்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த ஒன்றை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, அவள் காலடியில் பூப்போல வைத்தான். இனி அவள் குனிய வேண்டியதுதான் பாக்கி.

அவள் குனியவில்லை. குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

எழில்மொழி மெதுவாகக் கேட்டாள். "கையில வாங்கினா உறவு அறுந்துடும்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரிஞ்சுதாம்மா ஒரு வருஷமா ஒவ்வொண்ணுக்கும் கையை நீட்டினேன்," என்றாள் ஜாய்ஸ். "எல்லாத்தையும் கீழேயே வச்சாரு. இது ஒண்ணைத்தான் மறந்துபோய்க் கையில கொடுத்தாரு."