ஏரிக்கரையில் எடுத்த நான்காவது படம்

காலை ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைத் துண்டு. ஏரிக்கரை மேல் நின்ற ஒருவரின் தோளில், சலவை மடிப்புக் கலையாமல் கிடந்தது. முழங்காலுக்கு மேல் ஏறிய பழைய வேட்டி. சட்டை இல்லை, செருப்பு இல்லை. துண்டு மட்டும் புதுசு.

அந்தத் துண்டைத் தோளிலிருந்து எடுக்க வைத்தவன் நான். முக்கியமான செய்தியை முதலிலேயே வைக்க வேண்டும் என்று பத்திரிகையில் பழக்கியிருந்தார்கள், வைத்துவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை, போதாக்குறைக்கு ஒரு தினசரியின் பகுதி நேர நிருபர். அப்போது சென்னை வாரப்பத்திரிகை ஒன்று, வேட்டைக்கும் மலையேற்றத்துக்கும் மீன்பிடிப்புக்கும் என்று தனிப்பக்கம் தொடங்கி, படம் எடுக்க ஆள் தேடியது. விண்ணப்பித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. செஞ்சிக் கோட்டையில் பாதிப் படியில் தலை சுற்றி உட்கார்ந்தவன். வெடிச்சத்தம் கேட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும் (பின்னால், கழுவெளிச் சதுப்பில் வாத்து வேட்டையை எடுத்தபோது, எல்லாப் படத்திலும் வாத்து போன பிறகு இருந்த வானம்தான் விழுந்தது). இந்தத் தகுதிகளைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. மூன்று மாதம் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

முதல் மாதம் வாத்தில் போயிற்று. இரண்டாம் மாதம் மரக்காணம் உப்பங்கழியில் ஒரு டாக்டரைத் தூண்டிலோடு நிறுத்தினேன். நான்கு மணி நேரத்தில் ஒரு மீனும் கடிக்கவில்லை. திண்டிவனம் சந்தையில் வாங்கிப் போயிருந்த மீனைத் தூண்டில் முள்ளில் மாட்டி, டாக்டரைச் சிரிக்கச் சொல்லி எடுத்து அனுப்பினேன். ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது: "உமது மீன் தூண்டிலில் சிக்குவதற்கு முன்பே வயிறு கீறிச் சுத்தம் செய்யப்பட்டிருக்கிறது. இனி ஜோடனை வேண்டாம். நிஜமாக நடப்பதை மட்டும் எடுத்தனுப்பவும். இல்லையேல் வேறு ஆள் பார்ப்போம்."

மூன்றாம் மாதம் நிஜத்தைத் தேடிப் புறப்பட்டேன். விக்கிரவாண்டி தாண்டி ஓர் ஏரி. இரண்டு கரையிலும் இரண்டு ஊர்கள். பெயர்கள் வேண்டாம், மேல்கரை, கீழ்கரை என்றே சொல்கிறேன். கோடையில் தண்ணீர் முழங்காலளவு வற்றியதும் ஒரு நாள் இரண்டு ஊரும் சேர்ந்து ஏரியில் இறங்கி மீன் பிடிக்கும். பிடித்தது பிடித்தவருக்கு. ஆனால் இரண்டு ஊர்க்காரர்களும் அவரவர் கரையில் வந்து நின்ற பிறகு, நீர்க்கட்டி துண்டை ஆட்டுவார். அதற்கு முன் யாரும் கால் நனைக்கக் கூடாது.

நீர்க்கட்டி என்பவர் ஏரி மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அந்த ஆண்டு நீர்க்கட்டி முனுசாமி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சொந்த நிலம் கிடையாது. அறுவடையில் இரண்டு ஊரும் அளந்து கொடுக்கும் நெல்தான் அவர் குடும்பத்துக்குச் சாப்பாடு. மற்ற நாட்களில் அவருடைய துண்டு இடுப்பில் இருக்கும். மீன்பிடி நாளன்று மட்டும் தோளில் போட்டுக்கொள்ளலாம்.

"என்னப்பா, எப்போ ஆட்டுவே?" என்று கேட்டேன். (அந்த வயதில் கால்சட்டை போட்டிருந்தால், சட்டை போடாதவர் எல்லோரையும் 'நீ' என்று கூப்பிடலாம் என்று நினைத்திருந்தேன்.)

"கீழ்கரைக்காரங்க வரணும் சார். அவங்க ஊர்ல பூசை முடிச்சிக்கினு, மோளத்தோட வருவாங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அதோ, அந்தப் பனமரத்துக்கு மேல சூரியன் போயிடும் சார்."

பனைமரத்துக்கு மேல் சூரியன் போனால் வெளிச்சம் தட்டையாகிவிடும். அந்த நிமிடத்தில் முனுசாமியின் முகத்தில் விழுந்திருந்த வெளிச்சமோ, காசு கொடுத்தாலும் கிடைக்காத மஞ்சள். மேல்கரைக்காரர்கள் முந்நூறு பேர் அவருக்குக் கீழே கரைச்சரிவில் வரிசையாக நின்றார்கள். வலைகள், கிழிந்த சேலைகள், மீன் மேல் கவிழ்த்து, மேல் ஓட்டையில் கையை விட்டு எடுக்கிற அடியில்லாத மூங்கில் கூடைகள். அத்தனை கண்ணும் துண்டின் மேல்.

"இப்பவே ஒரு தடவை ஆட்டிக் காட்டேன். படத்துக்குத்தான்."

அவர் சிரித்தார். "அது வெளாட்டு இல்ல சார். துண்ட ஆட்னா ஆட்னதுதான். அப்பறம் சனத்தப் புடிக்க முடியாது."

"ஆட்ட வேணாம்ப்பா. சும்மா தூக்கிப் புடி. போதும்."

முனுசாமி, கொஞ்சம் தள்ளிக் கூடையோடு நின்ற மேல்கரை நாட்டாண்மைக்காரரைப் பார்த்தார். நாட்டாண்மைக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "மெட்ராஸ் பேப்பர்ரா. சாரு சொல்றத செய்யேன், ஜல்தி!"

முனுசாமி துண்டை எடுத்தார்.

என்னுடையது மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. தூரத்தில் இருப்பவர்களுக்கு, எதிரே நிற்பவரை நான் பணிவாகக் கும்பிடுவதுபோல் தெரியும். கண்ணாடியில் வலது இடதாகவும் இடது வலதாகவும் விழும். சுருளில் பன்னிரண்டு படம். முதல் படம், தோளில் துண்டு. இரண்டாவது, கையைத் தூக்கி நின்றார். காற்றே இல்லை, துண்டு மழையில் நனைந்த கொடி மாதிரி தொங்கியது. இதை அனுப்பினால் ஆசிரியர் அதையும் சந்தையில் வாங்கினேன் என்பார்.

"லேசா. ஒரே ஒரு வாட்டி," என்றேன்.

லேசாகத்தான் அசைத்தார். ஒரு சாண்கூட இருக்காது. மூன்றாவது படம்.

குனிந்திருந்ததால் எனக்கு முதலில் சத்தம்தான் வந்தது. மழைக்கால மதகு உடைந்த மாதிரி ஒரு சத்தம். முந்நூறு பேரில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டார்கள். முனுசாமி பதறிப்போய் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "இல்ல! இல்ல! வெளிய வாங்க, வெளிய வாங்க!" என்று கத்தினார். துண்டு இன்னும் கையில் இருந்தது. அவர் வேண்டாம் வேண்டாம் என்று வீச வீச, தயங்கி நின்ற மிச்சம் பேரும், இவ்வளவு பலமாக ஆட்டுகிறாரே என்று உள்ளே பாய்ந்தார்கள். நாட்டாண்மைக்காரர் எனக்கு முன்னால் தாண்டிக் குதித்தார்.

நான்காவது படத்தை அப்போது எடுத்தேன். என் வாழ்நாளில் எடுத்த படங்களில் அதுதான் சிறந்தது.

ஐந்தாவது படத்துக்காகக் கூட்டத்தோடு நகர்ந்தேன். கண்ணாடியில் தெரிந்த மேட்டை நோக்கித்தான் காலை வைத்தேன். மேடு மறுபக்கம் இருந்தது. முழங்காலளவு சேற்றில், கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். அப்போது ஒரு கூடை 'சொத்'தென்று என் முழங்காலை உரசிக்கொண்டு பூட்ஸ் முனை மேல் இறங்கியது. மேலே இருந்த ஓட்டை வழியாக ஒரு அம்மாளின் கை உள்ளே நுழைந்து என் பாதத்தைப் பற்றிக்கொண்டது.

"ஏ அஞ்சல, ஓடியா! பெரிய விராலு மாட்டிக்கிச்சு!"

"உடாத, கெட்டியா அமுக்கிக்கோ!" என்றாள் அஞ்சலை, ஓடி வந்தபடியே.

"அம்மா, அது என் கால்," என்றேன்.

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு இழுப்பு இழுத்துக் கையை வெளியே எடுத்தாள். கையில் என் வலது பூட்ஸ்.

"அய்ய! பூட்ஸு போட்டுக்கினு இருக்குதுடி விராலு!" என்று அஞ்சலை சிரித்தாள். பூட்ஸுக்காரி சிரிக்கவில்லை. "யோவ், நவுர்ய்யா! காலையும் உட்டுக்கினு நிக்கறான், மீனு போவுது பாரு," என்று பூட்ஸைக் கரைப்பக்கம் வீசிவிட்டுப் போனாள்.

ஆறு மணி இருபத்தைந்துக்குக் கீழ்கரை மேளம் கேட்டது. கரை மேல் ஏறியதும் நின்றுவிட்டது. ஏரி முழுவதும் கலங்கிய சேறு. மேல்கரைக்காரர்களின் கூடைகளில் விராலும் கெளுத்தியும் துடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கரையிலிருந்து ஒருவர் கத்தினார்: "இன்னா முனுசாமி, நாங்கல்லாம் மனுசங்களாத் தெரியலியா?" முனுசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் ஒரு பூட்ஸோடு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

படம் அரைப்பக்கத்துக்கு வந்தது. தலைக்கு மேல் பறக்கும் துண்டு, அகலத் திறந்த வாய், கீழே பாயும் கூட்டம். கீழே ஒரு வரி: "மீன்பிடி தொடங்கிய மகிழ்ச்சியில் கூவுகிறார் கிராமவாசி." கூடவே ஆசிரியரின் கடிதம்: "ஜோடனை இல்லாத படம். இதற்காகவே உம்மை நிரந்தரமாக்க எண்ணியிருக்கிறோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, காக்கிக் காகிதம் சுற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முனுசாமிக்குப் பரிசாக எடுத்துப்போனேன். மதகடியில் இரண்டு ஊர்க்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். "தோ, சாரே வந்துட்டாரு!" என்று எழுந்தார்கள். பாராட்டுக் கூட்டம் என்று நினைத்தேன். (மாலை எங்கே என்று கண் தேடியதையும் சொல்லிவிடுகிறேன்.)

அது பஞ்சாயத்து. கீழ்கரைக்காரர்கள் நேரத்துக்கு வரவில்லை, அதனால்தான் இறங்கினோம் என்பது மேல்கரையின் கட்சி. கீழ்கரைப் பள்ளிக்கூட வாத்தியார் கையில் வாரப்பத்திரிகை இருந்தது. என் கையிலிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அது இன்னா சார், பெருசா?"

காகிதத்தைப் பிரித்தார். பத்திரிகையில் மங்கலாக விழுந்திருந்ததெல்லாம் என் சட்டத்துக்குள் துல்லியமாக இருந்தது.

"பாருங்க, முனுசாமி நெழலு. ஆளு மாதிரி பத்து பங்கு நீட்டம். சூரியன் அப்பதான் மொளைச்சிருக்குது. இப்ப எங்க கரையப் பாருங்க. ஒரு ஈ காக்கா இருக்குதா?"

"ஒரு நாய் இருக்குது வாத்தியாரே," என்றது மேல்கரைக் குரல் ஒன்று.

"இருக்கட்டும். அது மேல்கரை நாயி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாட்டாண்மைக்காரர் மட்டும் சிரிக்காமல், "அவனாவே ஆட்டிட்டான்ங்க. நான் கூடையக் கட்டிக்கினு இருந்தேன், பாக்கல," என்றார். சிரிப்பு நின்றது.

"யாரு சொல்லி ஆட்டினே?" என்று வாத்தியார் கேட்டார்.

முனுசாமி துண்டை இடுப்பில் கட்டியபடி நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தார். தன் முகத்தைப் படத்தில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"கை தெரியாம ஆடிப்போச்சுங்க," என்றார்.

வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான் எதுத்தாப்பல நின்னுக்கினு இருந்தீங்க. சொல்லுங்க, இன்னா நடந்துச்சு?"

சட்டைப்பையில் ஆசிரியரின் கடிதம் இருந்தது. நான்தான் ஆட்டச் சொன்னேன் என்றால், அது ஜோடனைப் படம். ஜோடனைப் படம் என்றால் வேலை இல்லை.

"நான் குனிஞ்சு கேமராவைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்," என்றேன்.

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஒரு நிருபன் இவ்வளவு துல்லியமாக இதற்கு முன் பேசியதில்லை.

தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு ஊரும் சமாதானமாகின. இனிமேல் நீர்க்கட்டி வேலை, கீழ்கரை சொல்லும் ஆளுக்கு. நாட்டாண்மைக்காரர் முதல் ஆளாகத் தலையாட்டினார்.

கிளம்பும்போது முனுசாமி சட்டத்தைக் காகிதத்தில் பழையபடி சுற்றி என்னிடம் கொடுத்தார். "இத மாட்ட ஊட்ல சொவரு இல்ல சார்," என்றார். கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார்.

"கூவறான்னு போட்டுட்டாங்களாமே சார், வாத்தியாரு படிச்சாரு. நான் கூவல. வெளிய வாங்கன்னு கத்தினேன். அத மட்டும் மாத்திப் போடச் சொல்றீங்களா?"

"சொல்றேங்க," என்றேன். அன்றுதான் அவரிடம் 'ங்க' போட்டுப் பேசினேன். ஆசிரியருக்கு நான் எழுதவில்லை. அந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாயிற்று.

எங்கள் வீட்டில் பூட்ஸ் கதை பிரபலம். பிள்ளைகள் அஞ்சலையாகவும் விராலாகவும் நடித்து வளர்ந்தார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் நடிக்கிறார்கள். பூட்ஸ் கரையில் விழுந்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொள்வது என் வழக்கம். மிச்சத்தை என் மனைவியிடம் மட்டும், கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னேன். அவள் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். ஆனால் பால் பொங்கி வழிந்தாலும், கண்ணாடி தம்ளர் உடைந்தாலும், "யார் செய்தது?" என்று யாராவது கேட்டால் போதும், சமையலறையிலிருந்து அவள் குரல் வரும்: "எனக்குத் தெரியாதுப்பா, நான் குனிஞ்சு கேமராவைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்." இன்று வீடு முழுக்க அதைச் சொல்லிச் சிரிக்கிறது. பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

முனுசாமி அந்த ஆண்டே குடும்பத்தோடு கண்டமங்கலத்துக்குச் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னாலேயே சூளை. நிரந்தரமான பிறகு ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டதால், வாரம் ஒருமுறை படச்சுருள் கழுவ விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. அந்த பஸ் கண்டமங்கலத்தில் ஐந்து நிமிடம் நிற்கும். பதினோரு ஆண்டுகள் அதில் போய்வந்தேன், ஒரு தடவைகூட இறங்காமல்.