உயிரோடிருந்தவருக்கு மௌன அஞ்சலி

பிரெஞ்சு தெரியும் என்று கையை உயர்த்துவதற்கும் பிரெஞ்சு தெரிவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை நான் ஓர் அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன்னால் கற்றுக்கொண்டேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கனடாவில், மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் குடியிருந்துகொண்டு, நகருக்கு வெளியே ஒரு கசினோ விடுதியில் வேலை செய்தேன். விடுதிக்குப் பின்னால் பெரிய அரங்கம். ஒரு நாள் ஐஸ் ஹொக்கி. மறுநாள் அதே பனிக்கட்டி மேல் பலகை விரித்துப் பாட்டுக் கச்சேரி. வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பது என் உத்தியோகம். (ஊரில் உள்ளவர்களிடம் தொலைபேசியில் சொல்லும்போது "அரங்க நிர்வாகம்".)

அரங்கத்தின் ஆண்டு விழாவுக்கு எங்கள் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். அரங்கத்தின் வரலாற்றைச் சொல்ல இருந்த பெண்ணுக்கு அன்று பார்த்துத் தொண்டை கட்டிவிட்டது. "பிரெஞ்சில் யார் பேசுவீர்கள்?" என்று மேலாளர் கேட்டார். என் கை உயர்ந்தது. மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பில் அப்போதுதான் சித்தி பெற்ற கை, சும்மா கிடக்குமா?

தொடக்கம் பிரமாதம். இந்த இடம் வெறும் கார் தரிப்பிடமாக இருந்தது. இங்கே ஓர் அரங்கம் வேண்டும் என்று முதலாளிகளோடு மல்லுக்கட்டிக் கட்டுவித்தவர் முதல் மேலாளர் முசியே லூசியான். அடுத்து, "அவர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார்" என்று சொல்ல வேண்டும். ஓய்வுக்கான சொல் வாயில் வரவில்லை. சமாளித்தேன்: "இல் நூ ஸா கித்தே." எங்களை விட்டுப் போய்விட்டார்.

தமிழில் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தமோ, பிரெஞ்சிலும் அச்சொட்டாக அதே அர்த்தம்.

அரங்கம் அடங்கிப்போனது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஓர் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். என் பேச்சில் உருகிவிட்டார்கள் என்று நினைத்து நானும் தலையைக் குனிந்தேன்.

முன்வரிசையில் இருந்த என் மகள்தான் பதறினாள். "அம்மா, அவர் செத்துப்போனார் எண்டு சொல்லிப்போட்டீங்கள்!" பக்கத்தில் என் கணவர், என்னை யாரென்றே தெரியாதவர் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பின்கதவைத் திறந்துகொண்டு ஒரு முதியவர் வந்தார். நான் மேடையில் சொன்ன கடைசி வசனம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"மன்னியுங்கள் மேடம், கழிப்பறைக்குத்தான் போயிருந்தேன்."

முசியே லூசியான்!

எழுந்த சிரிப்பில் கூரை பிய்ந்திருக்க வேண்டும். நான் மைக்கை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இறந்தவன் பேசினால் நன்றாக இருக்காது. நீங்களே சொல்லுங்கள்" என்று பக்கத்தில் வந்து நின்றார்.

ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என் காதில் சொல்லச் சொல்ல, நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்: முதல் கச்சேரியில் பலகை இடுக்கு வழியே குளிர் ஏறி, சனம் கால் விறைத்து எழும்பப் பார்த்ததையும், முசியே லூசியான் விடுதி அறைகளிலிருந்து போர்வைகளைத் தோளில் சுமந்து வந்து கொடுத்ததையும், பாடகியும் ஒன்றைப் போர்த்திக்கொண்டு பாடியதையும். இலக்கணம் செத்துச் செத்துப் பிழைத்தது. முடித்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அரங்கத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி வேலையைத் தந்தார்.

எந்தக் கொண்டாட்டத்திலும் என் கணவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். இப்போது அதில் மலர்வளையமும் வந்துவிட்டது. நான் திருத்துவதில்லை. மகள்தான் விடமாட்டாள்.

"ஓம் அப்பா, எல்லாம் சரி. அம்மா கடைசி வரைக்கும் மேடையை விட்டு இறங்கேல்லை. அதையும் சொல்லுங்கோ."