படகு வராத படம்

கலைப்படம் ஓடும் கொட்டகைக்குள் வறுத்த நிலக்கடலையைத் தோலோடு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இதை எந்தத் திரைப்பட விமரிசகரும் எழுதியதில்லை. நான் பட்டவன், எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் பாலக்காட்டில் படிப்பை முடித்து, தாடியும் ஜோல்னாப் பையுமாகக் கேரள எல்லையோரத்து எங்களூர் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பினேன். அப்பாவுக்குக் கடலையும் கரும்பும் போட்ட தோட்டம். எனக்கோ உலக சினிமா. (களை எடுக்கக் கூப்பிட்டால் மட்டும் தலைவலி வந்துவிடும்.) 'மெதுவாக ஓடுவதுதான் படம், மற்றதெல்லாம் கூத்து' என்று டீக்கடையில் பேசிப் பேசியே ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கிவிட்டேன். மலையாள வாத்தியார் ஒருவர் தலைவர், நான் செயலாளர். ஞாயிறு காலை எங்களூர்க் கொட்டகையில் முதல் படம்.

அதே சமயம் வீட்டில் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஜாதகம் பொருந்தியது. நேரே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் பெண்ணுக்குக் குறைச்சல் என்பதால், முதலில் கோயிலிலோ சினிமாவிலோ 'தற்செயலாக'ப் பார்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். இரு வீட்டாரும் முன்பின் தெரியாதவர்கள் போலவே இருக்க வேண்டும். போட்டோவைப் பார்த்தே நான் பாதி விழுந்திருந்தேன். இந்தப் பெண் தட்டிப்போகக் கூடாதே என்ற கவலை வேறு. அப்படியிருந்தும், நம் சங்கத்துப் படத்துக்கே வரச் சொல்லலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

கொட்டகையில் நடைவழிக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். அந்தப் பக்கம் பொள்ளாச்சிப் பெண் ருக்குமணி, அவளுடைய பெரியம்மா, ஒரு பை நிறைய வறுத்த கடலை. இந்தப் பக்கம் அப்பாவும் நானும். கன்னத்தில் கை ஊன்றி, சிந்தனையாளர் மாதிரி அசையாமல் உட்கார்ந்துகொண்டேன்.

படம் ஆரம்பித்தது. ஒரு பெரியவர் ஆற்றங்கரையில் படகுக்காகக் காத்திருக்கிறார். அவ்வளவுதான் கதை. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, பின்னணி இசைகூடக் கிடையாது. உச்சி வெயிலில் ஆறு பளபளக்க, அந்த வெளிச்சத்தில் கொட்டகையில் எல்லார் முகமும் தெரிந்தது.

"ஏண்டா, அவரு எதுக்கு உக்கோந்திருக்காரு?" என்றார் அப்பா.

"காத்திருக்காருங்கப்பா."

"யாருக்கு?"

"அதைச் சொல்ல மாட்டாங்க."

"அவருக்காச்சும் தெரியுமாடா?"

பதில் சொல்வதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து 'படக்' என்று ஒரு சத்தம். பெரியம்மா கடலை உடைக்க ஆரம்பித்துவிட்டார். மற்ற படமாக இருந்தால் அந்தச் சத்தம் பாட்டில் கரைந்திருக்கும். இங்கே ஒவ்வொரு கடலையும் வெடி மாதிரி கேட்டது. அவர் பேசிய ரகசியமும், சினிமாப் பாட்டை மீறிக் கேட்கும்படி பேசிப் பழகிய குரலில்தான் வந்தது.

"பையன் செகப்புத்தான் அம்மணி. ஆனா தாடி எதுக்கு? ஊட்ல ஏதாச்சும் எளவா? இல்ல, பழனிக்கு வேண்டுதலா?"

கொட்டகை மொத்தமும் என் தாடியைத் திரும்பிப் பார்த்தது. சும்மா இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"வேண்டுதலெல்லாம் இல்லீங்க! சும்மாதான் வெச்சிருக்கான்!" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தார். முன்பின் தெரியாதவர்கள் நாடகம் அத்துடன் முடிந்தது.

"அப்பறம் ஏனுங்க பேச்சு மூச்சே இல்லாம இருக்குறாப்ல? ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

"படம் பாத்தா அப்பிடித்தானுங்க இருப்பான்!"

"நல்ல பையன்தானுங்க. தோட்டத்துப் பக்கந்தான் வரமாட்டாப்ல!" இது பின்வரிசையிலிருந்து எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"மிண்டாதிரிக்கூ!" என்று, பேச்சை நிறுத்தச் சொல்லி வாத்தியார் மலையாளத்தில் அதட்டினார். அதற்கும் ஒரு சிரிப்பு. திரையில் பெரியவர் அசையவில்லை. நானும் அசையவில்லை. (கால் மரத்துப்போயிருந்தது. எனக்கும் சலிப்புத் தாங்கவில்லை என்பதை அன்றைக்கு யாரிடம் சொல்ல?)

பெரியம்மா கடலைத் தோலை உதறிக்கொண்டு எழுந்தார். "எந்திரி அம்மணி, பொள்ளாச்சி பஸ்ஸு வந்துரும்." என் கல்யாணமே எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ருக்குமணி முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

"இருங்க பெரிம்மா. படகு வருதான்னு பாத்துப்போட்டுப் போலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஜில்லாவிலேயே சினிமா தெரிந்த ஒரே பெண்! படகு கடைசிவரை வரவில்லை. அவள் முழுதாக இருந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.

நாலைந்து நாளில், தாடியை எடுத்தால் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றே எடுத்துவிட்டேன்.

கல்யாணமான புதிதில், பெருமை பிடிபடாமல் கேட்டேன்: "அந்தக் கடைசிக் காட்சி உனக்கு எப்படி இருந்தது?"

"நான் எங்கீங்க அதைப் பாத்தேன்? வேற படமா இருந்தா பாட்டு, சண்டைன்னு அதையே பாத்துட்டு இருந்திருப்பேன். இதுல பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே. அதான் உங்களையே பாத்துட்டு இருந்தேன்."

"அப்போ படகு வருதான்னு கேட்டது?"

"இன்னுங் கொஞ்ச நேரம் பாக்கோணுமில்லீங்க?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மெதுவாக ஓடும் படத்தால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. கையைக் காட்டிவிடுகிறேன், அடுக்களைப் பக்கம்.

இன்றைக்கும் நான் வெளியே போய் நேரங்கழித்துத் திரும்பினால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகள் உள்ளே குரல் கொடுப்பாள்: "அம்மா, படகு வந்துருச்சு!"

"கடலக்கா வாங்கியாந்துச்சான்னு கேளு" என்று பதில் வரும்.