பலாப் பிசினும் ரெண்டாம் பந்தியும்

"செத்தாலும் ஒங்க அண்ணன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்!" என்று சிவபிரகாஷ் சபதம் போட்டபோது அவன் வாயில் பாதி இட்லி இருந்தது. முழுங்கிவிட்டுப் போட்டிருந்தால் சபதத்துக்குக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

"செத்தப்புறம் எப்படிங்க மிதிப்பீங்க? நாலு பேரு தூக்கிட்டு வந்தாத்தான் உண்டு" என்றாள் திலகவதி, சட்னியை ஊற்றிக்கொண்டே.

சங்கதி இதுதான். இவர்களுடைய மகள் அறிவுமதிக்கு ரெண்டரை வயசு. பிறந்த நாளிலிருந்து கத்தரி படாத தலைமுடி, குலசாமி கருப்பருக்கு நேந்துவிட்ட முடி. அதில் யாராவது கத்தரிக்கோலைக் காட்டினால்கூடக் குத்தம். வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து இறக்க வேண்டும். தாய்மாமன் நாகராசு இருப்பது கந்தர்வக்கோட்டையில். இங்கிருந்து ஆறே கிலோமீட்டர். ஆனால் தாய்மாமனைப் போனில் கூப்பிட்டால் முறை ஆகாது. பிள்ளையைப் பெத்தவன் தட்டில் வெத்தலை பாக்கு பழம் வைத்து, வீடு தேடிப் போய், "வந்து மடி கொடுங்க மச்சான்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அங்கேதான் வண்டி பஞ்சர்.

மூணு வருசத்துக்கு முன்னால் நாகராசு புது வீடு கட்டிக் குடிபோனார். அந்த விருந்தில் சிவபிரகாஷை ரெண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டு மாப்பிள்ளையை! முதல் பந்திக்குச் சாம்பார் ஊற்றினார்கள். ரெண்டாம் பந்திக்குச் சாம்பாரைக் காட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்குக் கையைக் கழுவியவன்தான். அந்த ஆறு கிலோமீட்டர் அவனுக்குச் சிங்கப்பூரை விடத் தூரமாகிவிட்டது.

"மாமன் மடி இல்லாம எங்கிட்டு முடி இறக்குறதாம்?"

"ஏன், என் மடிக்கு என்ன?"

"அது என்ன பஸ்ஸு சீட்டா, யாரு வேணா எடம் குடுக்க?"

வாதத்தில் தோற்றால் சிவபிரகாஷ் இன்னொரு இட்லி கேட்பான். கேட்டான்.

திலகவதி புடவையைச் சரிசெய்துகொண்டு பையை எடுத்தாள். சிநேகிதி செல்வராணியோடு புதுக்கோட்டைக்குப் போய்ப் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை எடுக்க வேண்டும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சிவபிரகாஷின் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு லீவு.

"அஞ்சு மணி பஸ்ஸுல வந்துருவேன். பிள்ளையப் பாத்துக்கங்க. மூலையில பலாப்பழம் இருக்கு, அதைப் பாக்காதீங்க. நான் வந்துதான் அறுப்பேன்."

"ஒரு பிள்ளையப் பாக்குறது ஒரு வேலையா? அஞ்சு எச்பி மோட்டாரையே கழட்டி மாட்டுறவன் நான்."

"மோட்டாருக்கு சுவிட்ச் இருக்கும்ங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவள் தலை மறைந்து கால்மணி நேரம் ஆகவில்லை. பிச்சைமுத்துவும் ராக்கனும் வந்துவிட்டார்கள். ரெண்டு பேரும் அவனுக்கு ஒண்ணாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். பிச்சைமுத்து டிராக்டர் ஓட்டுகிறவன். ராக்கன் எதையும் ஓட்டாதவன், பேச்சைத் தவிர.

"மாப்ள, வாசன முக்கு ரோடு வரைக்கும் வருது. பழத்தைப் பூட்டி வச்சா பாவம்டா" என்றான் ராக்கன்.

"திலகா வந்து அறுக்கணும்னு சொல்லிருக்கா."

"பொண்டாட்டிக்குப் பயந்தவனா நீ? மச்சான் வீட்டு வாசப்படிய மூணு வருசமா மிதிக்காத வைராக்கியம் என்ன! ஒரு பழத்துக்கு இம்புட்டு யோசனை என்ன!"

வைராக்கியம் என்று சொன்னால் சிவபிரகாஷ் எதையும் அறுப்பான். கையிலும் அரிவாளிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தான். சும்மா சொல்லக்கூடாது, தேன் மாதிரிப் பழம். மூணு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ராக்கனே நிறுத்திவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அமைதியில்தான் சிவபிரகாஷுக்கு ஒன்று உறைத்தது. பிள்ளைச் சத்தத்தையும் காணோம்.

வீட்டில் பிள்ளை கத்தினால் பயமில்லை. கத்தாமல் இருந்தால்தான் தேட வேண்டும். திரும்பிப் பார்த்தான். அறிவுமதி சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெட்டி எறிந்த பலாவின் நடுத்தண்டு, பால் வடிய வடிய, அவள் உச்சந்தலையில் கிரீடமாக உட்கார்ந்திருந்தது. கிரீடம் நழுவாமல் இருக்க ரெண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் சடை சடையாகப் பலாத்தும்பு நார்.

"அப்பா, பாப்பா சாமி!" என்றாள்.

தண்டை எடுத்தார்கள். தண்டு வந்தது. பால் வரவில்லை. முடி முழுக்கப் பிசின் பிடித்துக்கொண்டது.

"தண்ணிய ஊத்துடா" என்றான் ராக்கன்.

ஊற்றினார்கள். பிசின் இறுகியது. ஷாம்பு போட்டார்கள். நுரை வந்தது, பிசின் வரவில்லை. இருந்த எண்ணெயைக் கொட்டிச் சீப்பை விட்டு இழுத்தார்கள். எண்ணெய் ஊறட்டும் என்று ரெண்டு நிமிசம் விட யாருக்கும் பொறுமை இல்லை. சீப்பு பாதியில் நின்றது. பிள்ளை வீறிட்டாள். எண்ணெய் வழுக்கி விரால் மீன் மாதிரிக் கையிலிருந்து நழுவி ஓடினாள். ஓடியவள் நேராகக் கோழிக் கூண்டுக்குள் தலையை விட்டாள். வெளியே வந்தபோது பிசினில் நாலு இறகு குத்திட்டு நின்றது. மகளுக்கு ஒரே சந்தோசம். "கொக்கரக்கோ" என்று வாசலெல்லாம் சுற்றி வந்தாள்.

"பேசாம நறுக்கிருவோமா?" என்றான் ராக்கன்.

"அடேய், கருப்பர் முடிடா! கத்தரி பட்டுச்சுன்னா குத்தம் மட்டுமா? திலகா என்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்ருவா!"

அடுத்த வீட்டு மணிமேகலை மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்ன தம்பி, பிள்ளை தலையில இறகு?"

"அது... மாறுவேசம்க்கா. பால்வாடியில போட்டி வருது."

"பால்வாடி லீவு விட்டு பத்து நாளாச்சே?"

சிவபிரகாஷ் ஓடிப்போய் ஒரு தட்டு நிறையச் சுளையை எடுத்து மதில் மேல் வைத்தான். "சாப்பிடுங்கக்கா. திலகாகிட்ட ஒண்ணும் சொல்லிக்கிற வேணாம்."

"நான் ஏன் தம்பி சொல்லப்போறேன்?" என்று தட்டோடு அவள் உள்ளே போனாள்.

மணி பன்னிரண்டு. அஞ்சு மணிக்குப் பஸ். மூணு பேரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். கடைசியில் பிச்சைமுத்து எழுந்தான். அவன் ஆறு மாசத்துக்கு ஒருமுறைதான் யோசிப்பான். யோசித்தால் எடுப்பாக யோசிப்பான்.

"மாப்ள, இந்த முடி எப்படியும் போகப்போற முடிதானே? வெள்ளிக்கிழமை போறது நாளைக்கே போகட்டும். கருப்பர் கனவுல வந்து கேட்டாருன்னு சொல்லு. திலகா தங்கச்சிய இன்னைக்கு வெளியில தங்க வச்சுட்டு, விடியக்காலையில கோயில்ல வச்சு எறக்கிரு. மொட்டைத் தலையில எவன் பிசினைத் தேடுறது?"

சிவபிரகாஷ் அவனைக் கட்டிப்பிடித்தான். அந்த நேரம் பார்த்துத் திலகவதியிடமிருந்து வீடியோ கால் வந்தது. கையில் கிடைத்த குளிர்காலக் குல்லாவைப் பிள்ளை தலையில் மாட்டிவிட்டுத்தான் எடுத்தான்.

"பிள்ளை சாப்ட்டாளாங்க? ஏன் குல்லா?"

"காத்து."

"வைகாசியில ஏதுங்க குளிர்காத்து?"

"ஃபேன் காத்து."

"நம்ம தெருவுல கரண்டு இல்லைன்னு மணிமேகலை அக்கா இப்பத்தான் போன்ல சொல்லுச்சு."

சிவபிரகாஷுக்கு வேர்த்தது. "வேற... வேற என்ன சொல்லுச்சு?"

"வேற ஒண்ணும் சொல்லல. ஏங்க?"

மூச்சு வந்தது. உடனே ஆரம்பித்தான். "திலகா, கருப்பர் கனவுல வந்தாரு."

"பட்டப்பகல்லயா?"

"கொஞ்சம் கண்ணசந்தேன்."

"பிள்ளைய விட்டுட்டா?"

"ஒரு கண்ணுதான் அசந்தேன். நாளைக்கு விடியக்காலையிலயே முடி வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நீ இன்னைக்கு செல்வராணி வீட்லயே தங்கிக்க. காலையில நேரா கோயிலுக்கு வந்துரு. பிள்ளைய நான் கூட்டியாந்துர்றேன்."

"நான் எங்க தங்கணும்னுகூட கருப்பர் சொன்னாரா?"

"மேலோட்டமாச் சொன்னாரு."

"மாமன் மடிக்கு என்ன சொன்னாரு?"

"அதுக்குள்ள முழிச்சுட்டேன்."

"அண்ணன் இல்லாம எறக்குனா தப்புங்க. நான் இப்பவே கிளம்பி வாரேன். நேர்ல பேசிக்குவம்."

"வேணாம்! வேணாம்! வராத!" சிவபிரகாஷ் துள்ளிவிட்டான். "நானே போறேன்."

"எங்கிட்டு?"

"ஒங்க அண்ணன் வீட்டுக்கு."

"சிக்னல் சரியில்லைங்க. சத்தமாச் சொல்லுங்க."

"ஒங்க அண்ணன் வீட்டுக்கு!"

கூட்டாளிகள் ரெண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

"தட்டோடயா?"

"தட்டோட."

"வாசப்படி?"

"மிதிக்கிறேன்."

"நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போங்க" என்று அவள் போனை வைத்தாள்.

மூணு மணிக்குப் பிச்சைமுத்துவின் பைக்கில் கிளம்பினார்கள். ராக்கன் மிச்சப் பழத்துக்குக் காவல். நடுவில் குல்லாவோடு அறிவுமதி. பின்னால் வெள்ளை வேட்டியில், மடியில் தாம்பாளத்தோடு சிவபிரகாஷ். முந்திரித் தோப்பெல்லாம் அனலடித்தது. எதிரே வந்தவர்கள் எல்லாம் குல்லாவைப் பார்த்தார்கள். அவன் தாம்பாளத்தைப் பார்த்தான்.

நாகராசு வீட்டு வாசலில் அவனுடைய வலதுகால் ஒருதரம் நின்றது. மூணு வருச வைராக்கியம், சும்மாவா? குல்லாவுக்குள்ளிருந்து ஒரு கோழி இறகு எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். கால் தானாக உள்ளே போய்விட்டது.

"மச்சான்" என்று தட்டை நீட்டினான். "நாளைக்குக் காலையில பிள்ளைக்கு முடி எறக்குறோம். நீங்க வந்து மடி குடுக்கணும்."

நாகராசு பெரிய மீசைக்காரர். ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது. தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மாப்ள, அன்னைக்குப் பந்தியில நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க. ஒங்களுக்காவது ரெண்டாம் பந்தி. வீட்டுக்காரன் நான் நாலாம் பந்தி. வெறும் ரசஞ்சோறு. அதுவும் எலை தீந்துபோயி பிளாஸ்டிக் தட்டுல."

சிவபிரகாஷுக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை. இவன் யாரையும் கேட்கவும் இல்லை. அவருடைய ரசஞ்சோற்றை நினைத்ததும் மனசு கரைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. ரெண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, "நான்தான் மச்சான்", "இல்ல மாப்ள, நான்தான்" என்று தப்பை ஏலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முறுக்கு வந்தது. காப்பி வந்தது. ரெண்டாவது முறுக்கைக் கடிக்கும்போது மடியிலிருந்த அறிவுமதி எகிறிக் குதித்தாள்.

"அம்மா!"

அடுப்படி வாசலில் திலகவதி நின்றாள். கையில் ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெய்.

சிவபிரகாஷ் வாயில் முறுக்கு அப்படியே நின்றது. "நீ... நீ புதுக்கோட்டையில இல்ல?"

"மத்தியானமே இங்க வந்துட்டேன். நான் போன் பண்றதுக்கு முன்னாடியே மணிமேகலை அக்கா படம் அனுப்பிருச்சு. மொத்தம் பதினோரு படம். கொக்கரக்கோ மட்டும் வீடியோ."

குல்லாவைக் கழற்றினாள். இறகுகளை எடுத்துப்போட்டாள். எண்ணெயைப் பொறுமையாக முடியெல்லாம் ஊற்றி, ஊறவிட்டு, ஒரு கதை சொன்னாள். கதை முடிவதற்குள் பிசின் உருண்டை உருண்டையாகக் கழன்று வந்துவிட்டது. ஒரு முடி போகவில்லை. சீப்பு உச்சியிலிருந்து நுனி வரைக்கும் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"அண்ணே, முடி எறக்குறது நாளைக்கு இல்ல. வெள்ளிக்கிழமைதான். கருப்பர் என் கனவுலயும் வந்தாரு. அவசரம் ஒண்ணும் இல்லைன்னுட்டாரு."

நாகராசு மீசைக்குள் சிரித்தார். பிச்சைமுத்து வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போய்விட்டான்.

சிவபிரகாஷுக்கு ஆறவில்லை. அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, மச்சானுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டான்.

"ஏன் திலகா, எண்ணெய ஊத்தி ஊறவிட்டா வந்துரும்னு போன்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

திலகவதி மகளுக்கு ரெட்டைப் பின்னல் போட்டு முடித்து, ரிப்பனை இறுக்கினாள்.

"சொல்லியிருந்தா பிசினு வந்துருக்கும்ங்க. நீங்க வந்துருப்பீங்களா?"