நாலாம் வகுப்பு ஜன்னல் விஷயமாக

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள். சுட்டி எப்படி இருக்கிறாள் என்று தனியாகக் கேட்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதமே அவளுக்காகத்தான். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஹலோ சொல்வதற்குள் நீ "ஜன்னல் என்னாச்சு?" என்கிறாய், நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் "சரி, முடிஞ்சதும் சொல்லு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. ஜன்னல் வேலை முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் இருக்கும் எல்லாக் கண்ணாடிக்கும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை சுட்டியைத் தாராளமாக அனுப்பலாம். கடிதத்தை இங்கேயே முடித்திருந்தால் நான் புத்திசாலி என்று உன் அண்ணி சொல்கிறாள். "அனுப்பலாம்னு ஒரு வரி எழுதுங்க, போதும். நடந்ததையெல்லாம் எழுதினீங்கன்னா அவ பொண்ண காலேஜ் வரைக்கும் வீட்லயே வெச்சுப் படிக்க வெச்சுடுவா" என்றாள். எனக்கு அப்படிப் பாதி சொல்லி நிறுத்த வராது என்று உனக்கே தெரியும். ஒன்றுவிடாமல் சொன்னால்தான் உனக்கு நம்பிக்கை வரும் என்பது என் கட்சி.

அன்றைக்கு நடந்ததற்கு நான் சமாதானம் சொல்ல வரவில்லை. டிரில் மாஸ்டர் எறிந்த பந்து நாலாம் வகுப்பு ஜன்னலில் பட்டது. கண்ணாடி மொத்தமும் உள்ளே கொட்டியது. நல்லவேளையாக சுட்டி அந்த நேரம் பார்த்துக் கீழே விழுந்த ரப்பரை எடுக்க பெஞ்சுக்கு அடியில் குனிந்திருந்தாள். அவள் நிமிர்ந்தபோது, விரித்த நோட்டின் மேல், முகம் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு நேராக, கத்தி மாதிரி ஒரு துண்டு கிடந்தது. நீ வந்து அதைப் பார்த்தாய். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் பையை எடுத்து மாட்டிக்கொண்டாய், கையைப் பிடித்தாய், "ஜன்னலுக்கு ஒரு வழி பண்ணு அண்ணா, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். தலைமையாசிரியர் என்ற முறையில் அது எனக்கு வேண்டியதுதான். மாமா என்ற முறையில்தான் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் "மாமா"ன்னு கூப்பிடாதே, "சார்"னு கூப்பிடு என்று அவளுக்கு நான்தான் சொல்லிவைத்தேன். இப்போது இரண்டும் காதில் விழவில்லை.

சரி, ஃபிலிம்காரர் கதைக்கு வருகிறேன். மனிதர் மகா நிதானம். என்ன கேட்டாலும் முதலில் கையிலிருக்கும் துணியால் பக்கத்தில் இருக்கும் கண்ணாடியைத் துடைப்பார், பிறகுதான் பதில் சொல்வார். ஆசிரியர் கூட்டத்தில் கணக்கு டீச்சர், "இதை ஒட்டினா கண்ணாடி உடையவே உடையாதில்ல?" என்று கேட்டார். ஃபிலிம்காரர் பீரோ கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "உடையும்" என்றார். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "பின்ன எதுக்குங்க ஒட்றது?" என்றார் டீச்சர். மறுபடியும் துடைப்பு. "உடையும் மேடம், ஆனா கொட்டாது. நொறுங்கினாலும் ஃபிலிம் எல்லாத் துண்டையும் பிடிச்சு வெச்சிருக்கும். வெளியிலேர்ந்து எவனாவது உடைச்சு உள்ள வரணும்னாலும் லேசுல முடியாது. அடிச்சுக்கிட்டே நிக்கணும். அதுக்குள்ள நீங்க பிள்ளைங்கள வேற பக்கம் கூட்டிட்டுப் போயிடலாம்." நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கும் அப்போதுதான் தெரியும் என்பதை நான் ஏன் காட்டிக்கொள்ள வேண்டும்?

ஒட்டுவது பார்க்க அழகான வேலை. கண்ணாடியைச் சுத்தமாகக் கழுவி, சோப்புத் தண்ணீர் அடித்து, ஃபிலிமைப் பதித்து, ரப்பர் பட்டையால் அழுத்தி அழுத்தித் தண்ணீரை வழித்துவிடுகிறார்கள். சட்டத்தோடு சேர்த்து ஓரத்திலும் பசை வைக்கிறார்கள், இல்லாவிட்டால் கண்ணாடி உடைந்ததும் ஒரே பலகையாகக் கழன்று விழுமாம். முழுக்கக் காய்வதற்குச் சில வாரம் ஆகும், அதுவரை அங்கங்கே சின்னச் சின்னக் கொப்புளம் தெரியும், தானாகப் போய்விடும், யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதைக் காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்றபோது மைக்கில் மூன்று தடவை சொன்னேன். பிள்ளைகள் ஒருவரும் தொடவில்லை. டிராயிங் டீச்சர்தான், சுவரில் ஒட்டிய படத்தில் காற்று நின்றால் குத்தி விடுவது வழக்கமாம், அதே கைப்பழக்கத்தில் கொண்டை ஊசியை எடுத்து ஐந்தாம் வகுப்பு ஜன்னல் முழுக்கக் குத்தி வைத்துவிட்டார். ஃபிலிம்காரர் வந்து பார்த்தார். வெகுநேரம் துடைத்தார். "யாருங்க இது?" என்றார். டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தார், பிள்ளைகள் எல்லோரும் டீச்சரின் கொண்டையைப் பார்த்தார்கள். அந்த ஜன்னலைப் பிரித்துப் புதிதாக ஒட்டினார்கள்.

பிறகு பெற்றோர்களைக் கூப்பிட்டு, ஃபிலிம் ஒட்டிய ஒரு கண்ணாடியை அடித்துக் காட்டுவது என்று முடிவானது. உன்னையும் கூப்பிட்டேன், நீ வரவில்லை. வராதது நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது. டிரில் மாஸ்டர் என் அறைக்கு வந்து, "சார், உடைச்சவன் நான். அடிச்சுக் காட்டறதும் நானே காட்டறேன்" என்று தழுதழுத்தார். அந்த மனிதர் அன்றிலிருந்து பந்தையே தொடுவதில்லை தெரியுமா, பிள்ளைகளை வெறுமனே ஓடவிடுகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை, சரி என்றேன். எல்லோரும் வராந்தாவில் கூடினார்கள். ஃபிலிம்காரர் ஒரு சின்ன உரையாற்றினார்: "இதுல விசேஷமே என்னன்னா, ஒட்டியிருக்கறதே கண்ணுக்குத் தெரியாது." அது உண்மை என்று அடுத்த நிமிடமே நிரூபணமானது. டிரில் மாஸ்டர் ஹாக்கி மட்டையை ஓங்கி, இத்தனை நாள் மனசில் இருந்ததையெல்லாம் சேர்த்து, அடிக்க வேண்டிய வராந்தா ஜன்னலை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்த மாடிப்படி ஜன்னலில் போட்டார் ஒரு போடு. மாடிப்படிக்கு இன்னும் ஃபிலிமே ஒட்டவில்லை. கண்ணாடி ஜலஜலவென்று வெளியே தோட்டத்துப் பக்கம் கொட்டியது. அங்கே ஆள் நடமாட்டம் இல்லை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே.

பெற்றோர் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் மட்டும் மரியாதையாக, "சார், கொட்டாதுன்னு சொன்னது இதைத்தானா?" என்று கேட்டார். ஃபிலிம்காரர் பதில் சொல்வதற்கு முன் துடைக்கத் துணியை எடுத்தார், துடைக்கக் கண்ணாடி இல்லை. பிறகு டிரில் மாஸ்டரைத் தோளைப் பிடித்துத் திருப்பிச் சரியான ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினார். அதற்குள் மாஸ்டருக்கு வீரம் எல்லாம் வடிந்துவிட்டது. தூங்குகிற வீட்டில் கதவு தட்டுகிற மாதிரி தட்டினார். "பலமா, சார், பலமா!" என்று எல்லோரும் கத்தி உற்சாகப்படுத்தியதும், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். தங்கச்சி, அந்தக் கண்ணாடி முழுசாக நொறுங்கியது, நொறுங்கினபடியே நின்றது! ஒரு பொடிகூடக் கீழே விழவில்லை. மறுபடி அடித்தார், உள்ளே குழிந்தது, கிழியவில்லை. ஒரு அம்மா கை தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலாம் வகுப்பில் அன்றைக்கு இது இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே கட்டட ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. உடனே வராந்தாவுக்கும் மாடிப்படிக்கும் புதுக் கண்ணாடி போட்டு, ஃபிலிம் ஒட்டி, எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கினோம். அந்த வேகத்தில் என் அறைக் கதவையும் விடவில்லை. என் அறைக் கதவு உனக்குத் தெரியும். உள்பக்கக் கைப்பிடி எந்தக் காலத்திலோ போய்விட்டது. காற்றடித்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிடும். உள்ளே இருப்பவர்கள், கதவின் மேல்பாதியில் கண்ணாடி உடைந்துபோன கட்டத்தின் வழியாகக் கையை வெளியே விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கிக்கொண்டு வருவோம். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அது பழக்கம். கிளார்க் அம்மா என்னிடம் கையெழுத்து வாங்கியதும், முதலில் வளையலை முழங்கை வரை தள்ளிக்கொள்வார், பிறகு கையை விடுவார். அந்தக் கட்டத்துக்கும் கண்ணாடி போட்டு, அதற்கு ஃபிலிமும் ஒட்டி, பார்த்துப் பார்த்து ரசித்தோம். கை எங்கே விடுவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆய்வாளர் வந்தார். கறாரான மனிதர், உட்காரும் முன்பு நாற்காலியை ஆட்டிப் பார்த்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு சாத்திக்கொண்டது. பள்ளியைச் சுற்றிக் காட்டலாம் என்று எழுந்து, வழக்கம்போல் கையை விட்டேன். விரல் முட்டி நங்கென்று இடித்தது. "என்ன சார்?" என்றார். "ஒண்ணுமில்ல சார், கை விட இடமில்ல" என்றேன். என் போன் வெளியே கிளார்க் அம்மா மேஜையில் சார்ஜில் இருந்தது, அவருடைய போன் காரில் இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி. சாப்பாட்டு இடைவேளை, வெளியே பிள்ளைகள் போட்ட சத்தத்தில் நாங்கள் கூப்பிட்டது எங்களுக்கே கேட்கவில்லை. "அந்தக் கண்ணாடிய உடைச்சுடுங்க" என்றார் ஆய்வாளர். பேப்பர் வெயிட்டால் அடித்தேன். நொறுங்கியது, நின்றது. "நகருங்க" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அலமாரியில் இருந்த ஓட்டப்பந்தயக் கோப்பையை எடுத்து அவரே அடித்தார். நின்றது. மறுபடி அடித்தார். அவருக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கோப்பையின் காது கழன்றதும்தான் நிறுத்தினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஃபிலிம் பாஸ் சார். நீங்க ஃபெயில்" என்றார். "உள்ளேர்ந்து திறக்க முடியாத ரூம்ல உட்கார்ந்துக்கிட்டுப் பிள்ளைங்க பாதுகாப்பப் பத்தி எனக்குச் சொல்றீங்க. தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?" அவர் கேட்டது நியாயம்.

கடைசியில் கிளார்க் அம்மா சாப்பிட்டு, கை கழுவி, சாவகாசமாக வந்து தாழ்ப்பாளைத் தூக்கினார். "அய்யோ, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா சார்?" என்றார். கொடுத்தோம் என்றேன். "கத்தினது நீங்களா? பசங்கன்னு நெனச்சு, சும்மா இருங்கடான்னு நான்தான் அதட்டினேன்" என்றார். மறுநாளே கைப்பிடி போட்டு, நொறுங்கின கண்ணாடியையும் மாற்றி ஃபிலிம் ஒட்டியாயிற்று. எல்லா வகுப்புக் கதவையும் நானே உள்ளே நின்று சாத்தித் திறந்து பார்த்தேன். ஆய்வாளரும் மறுபடி வந்து, இந்தத் தடவை கதவை அகலத் திறந்து வைத்து, ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

ஆக, இதைவிட அதிகமாக ஒரு பள்ளிக்கூடத்தைச் சோதித்துப் பார்க்க முடியாது. அடிக்க வேண்டியவர்கள் எல்லோரும் அடித்துப் பார்த்துவிட்டார்கள். சுட்டிக்கு வீட்டில் நீ நன்றாகத்தான் சொல்லிக்கொடுப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சண்டை போட அங்கே அவளுக்கு ஆள் இல்லையே. திங்கட்கிழமை அனுப்பு. வாசலில் நானே நிற்கிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். சுட்டி எந்தக் குறையும் இல்லாமல் வளர வேண்டும், நீங்கள் இருவரும் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நானும் உன் அண்ணியும் மனதார நினைத்துக்கொண்டே இருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன கையோடு இதை எழுதுகிறேன். எல்லா ஜன்னலையும் என் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு வரி சேர்க்கலாமென்று, ஃபிலிம்காரரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வகுப்பாகப் போனேன். கண்ணால் பார்த்துப் பிரயோஜனமில்லை, ஓரத்தை நகத்தால் தடவுங்க, ஃபிலிம் முடியற இடம் தட்டுப்படும் என்றார். தடவிக்கொண்டே வந்தேன், எல்லாவற்றிலும் தட்டுப்பட்டது. நாலாம் வகுப்பில் சுட்டியின் இடத்தில் உட்கார்ந்து தடவினேன். நகம் வழுக்கிக்கொண்டு போனது. நாலு பக்கமும் தடவினேன். ஃபிலிம்காரர் அந்தக் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. "சார், இதுக்குன்னு வெட்டி வெச்சிருந்ததத்தான் ஆய்வாளர் வர்ற அவசரத்துல மாடிப்படிக்கு ஒட்டினோம். ரெண்டும் ஒரே அளவு. அப்புறம் இதுக்கும் ஒட்டிட்டதாவே நெனச்சுட்டேன்" என்றார். புதுச் சுருள் வர வேண்டுமாம்.

மேலே "எல்லாக் கண்ணாடிக்கும்" என்று எழுதியதை அடித்துவிடு. நாலாம் வகுப்பை என் அறைக்கு மாற்றிவிட்டேன். என் மேஜையை அங்கே, சுட்டியின் ஜன்னலுக்குப் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். இந்தக் குறிப்பை எழுதாமல் உறையை ஒட்டியிருந்தால் திங்கட்கிழமை அவள் வந்திருப்பாள். எனக்கு அது எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். ஆனால் ஜன்னலுக்கு நீ கேட்ட வழியை நான் இன்னும் பண்ணவில்லை. அனுப்பாதே. ஒட்டி முடித்ததும் சொல்கிறேன். அப்போதும் என் பேச்சை நம்பி அனுப்பாதே. நீயே கூட வா, அந்த ஜன்னல் ஓரத்தை உன் நகத்தால் தடவிப் பார், தட்டுப்பட்டால் மட்டும் அவள் கையை விடு.