ஒரே அட்டையில் இரண்டு போடியார்

நான் செய்தது சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் குடும்பத்தில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும், நான் தலைகுனிந்து நின்றதாகத்தான் முடிப்பார்கள்.

அறுபதுகளில் மட்டக்களப்பு வாவிக்கரைப் பள்ளிக்கூடமொன்றில் தமிழ் படிப்பித்தேன். கட்டுரையை ஒரு நடையில் தொடங்கி இன்னொரு நடையில் முடிக்கும் பிள்ளைகளுக்கு என் சிவப்பு மையில் மன்னிப்பே கிடையாது. அப்படிப்பட்டவளின் கையில், அச்சகத்தில் கொடுக்கச் சொல்லி, என் சொந்தக் கலியாண அட்டையை அப்பா எழுதித் தந்தார். அப்பா வட்டை வட்டையாக வயல் வைத்திருந்த போடியார்; பெரிய வயற்காரருக்கு எங்கள் ஊர் தரும் பட்டம் அது. மாப்பிள்ளை என்னோடு படிப்பித்தவர். அவருடைய தகப்பன், எனக்கு மாமாவாகப் போகிறவர், வாகரையில் தோணிக்காரர்.

அப்பா எழுதியிருந்தது இதுதான்: 'கந்தப்போடியார் அவர்களின் சிரேஷ்ட புத்திரி', 'வாகரை சின்னத்தம்பியின் மகன்'.

ஒருவருக்குப் பட்டுச் சால்வை, மற்றவருக்குத் துண்டுகூட இல்லை. (என் வகுப்பில் என்றால் காது திருகியிருப்பேன்.) ஒன்றில் இருவருக்குமே பட்டத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இருவருக்கும் கொடுக்க வேண்டும். அப்பாவின் பட்டத்தை எடுக்க எனக்குத் துணிவில்லை. ஆகவே மாமாவுக்கும் கொடுத்தேன். 'சின்னத்தம்பிப் போடியார் அவர்களின் சிரேஷ்ட புத்திரன்' என்று அச்சாகி, அப்பா பார்க்கும் முன்பே ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

கலியாணத்துக்கு முதல் நாள் மாமா பந்தலுக்குள் வந்து நின்றார். வாகரையில் வலை இழுக்கிறவர்கள் எல்லாம் "போடியார், விதைப்பு எப்ப?" என்று கேட்கிறார்களாம். ஒருவன் உண்மையாகவே வயல் குத்தகைக்குக் கேட்டு வந்துவிட்டானாம்.

"மகள், எனக்கு ஒரு முழம் வயலும் இல்ல. ஊரில தலைகாட்ட ஏலாமக் கிடக்கு. நாளைக்கு நான் வரமாட்டன்" என்றார்.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். "நானும் பந்தலுக்க வரமாட்டன். எத்தின போடியார் புள்ள உனக்கு வேணும்?"

இரண்டு தகப்பன்மாரும் இல்லாமல் எந்தத் தாலி ஏறும்? (அப்போதும் என் வாய் அடங்கினால்தானே.)

"அப்பா, அவர்ர மகனுக்கு என்னையே குடுக்க மனம் வந்த உங்களுக்கு, அவருக்கு ஒரு 'அவர்கள்' குடுக்க மனம் வரல்லயா?"

மாமா அப்பாவைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "இந்த வாயோட என்ட மகன் எப்பிடிச் சீவிக்கப் போறான்?"

"இவ்வளவு காலமும் நான் சீவிக்கல்லயா?" என்றார் அப்பா. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருங்க, தேத்தண்ணி குடிப்பம்."

இரண்டு பேரும் ஒரே பாயில் இருந்து பொழுதுபடும்வரை என்னை ஏசித் தீர்த்தார்கள். அதற்கு முன் அவர்கள் ஒரு பாயில் இருந்ததே இல்லை. மறுநாள் தாலி ஏறியது.

மாமா சாகும்வரை வாகரையில் போடியார்தான். இன்றும் வீட்டில் அட்டை அடிக்கும் கதை வந்தால், "அம்மாட்டக் காட்டாதீங்க, ஆருக்காவது வயல் எழுதிப்போடுவா" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பேத்தியின் கலியாண அட்டையில் தகப்பன்மாருக்கு மட்டும் 'அவர்கள்' போட்டிருந்தது. தாய்மாருக்கும் போடவைத்த பிறகுதான் அச்சகத்தை விட்டு வெளியே வந்தேன்.